தொடாதீர், காயவிடாதீர்

மார்ச் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. ‘தொடாதீர்’ என்று எழுதி ஒட்டியிருந்த தகட்டை எவனோ தொட்டிருக்கிறான்.

ஆய்வுக்கூடத்தில் அதை உருவாக்கிய ஆய்வாளரான அவள் மறுபடியும் சோதித்துப் பார்த்தாள். தொட்டி நீரில் மூழ்கியிருந்த அந்தத் தகட்டின்மேல் திரவப் பிசினைச் சொட்டினால் ஒட்டாது. முத்தாகத் திரண்டு உருண்டோடும். தகட்டைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலமே பிசினைத் தள்ளிவிடும். இரண்டாண்டு உழைப்பு அது. இன்றோ மூலையில் மட்டும் ஒரு துளி ஓடாமல் அப்பிக்கொண்டது... கட்டைவிரல் அகலத்துக்கு.

ஞாயிறன்று உள்ளே வந்தவன் குழாய் பழுதுபார்ப்பவன் ஒருவனே என்றது வாயிற்பதிவேடு. குழாயைச் சரிபார்க்க இன்றும் வந்த அவனே எதிரில் நின்றான், மழையில் நனைந்த இமைகளோடு.

"நேத்து இதைத் தொட்டது நீங்கதானே?"

"ஆமாங்க."

உடனே ஒப்புக்கொண்டானே... அதுதான் உறுத்தியது. அவன் கண்கள் அவளை விட்டுத் தொட்டியையே நோட்டமிட்டன. வேவுபார்க்கும் கண்களா? வேவுக்கு இத்தனை அழகு எதற்கு?

"எந்தப் பசை கம்பெனி உங்களை அனுப்பிச்சுது?"

"என்னைப் போய் கம்பெனிக்காரன்னு சொல்றீங்களே. எங்கம்மா கேட்டா பூரிச்சுப் போயிடுவாங்க."

"சிரிக்காதீங்க. உங்க சூப்பர்வைசருக்குப் புகார் எழுதியாச்சு. அனுப்பினா வேலை போயிடும்."

சிரிப்பு நின்றது.

"சீட்டைப் படிக்கலையா நீங்க?"

"ரெண்டையும் படிச்சேங்க."

அவன் சுட்டிய இடத்தில் அவளே எழுதிய இரண்டாம் சீட்டு: ‘காயவிடாதீர்’.

"தொட்டி விரிசல் விட்டுத் தண்ணி இறங்கிட்டிருந்துச்சு. தகடு வெளிய தெரியப் போற நேரம். ரெண்டுல ஒண்ணை மீறித்தானே ஆகணும்? மூலையைப் பிடிச்சு வாளித் தண்ணியில போட்டேன். அப்புறம் அலமாரியில இருந்த தொட்டிக்கு மாத்தினேன்."

மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். விரிசலோடு பழைய தொட்டி. ஒருமுறை காய்ந்திருந்தால் தகடு முழுதும் பாழாகியிருக்கும்... அவன் கைபட்டுப் போனது ஒரு மூலை மட்டும்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"எந்த நம்பருக்குன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

 மெல்லப் புகாரைக் கிழித்தாள்.

"குழாய் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"நல்லாப் பாருங்க... நாளைக்கும் ஒழுகும்னு தோணுது."

இப்போதுதான் அவன் தொட்டியை விட்டு அவளைப் பார்த்தான். அவள் புதுச் சீட்டொன்றில் தன் எண்ணை எழுதி நீட்டினாள்.

"ஒட்டுறதுக்கா?"

"வச்சுக்கிறதுக்கு. உங்களைப் பிடிச்சிருக்கு... இதுல மட்டும் எனக்குச் சந்தேகமில்ல."

வாசகரே, ‘தொடாதீர்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆபத்தில் யாரை அழைப்பது என்பதையும் அதே சீட்டில், பிழையின்றி, இன்றே எழுதுங்கள்.