இன்றைக்கு யாருக்கு முறை?

காலை ஒன்பது மணிக்கு ஆராய்ச்சி மாணவன் நெட்டை ஃப்ரீசரைத் திறந்தான். ரத்த மாதிரிகள் இருக்க வேண்டிய தட்டில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை உட்கார்ந்திருந்தது. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் அவன் விடியற்காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த கொசுக்கூண்டு. உள்ளே இருந்த கொசுக்கள் எல்லாம் மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் விறைத்துக் கிடந்தன.

கொசு செத்தால் ஊர் சந்தோஷப்படும். இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மலேரியா நோயாளிகள் மனமுவந்து கொடுத்த ரத்தத்தை ஊட்டி, கிருமியை உடம்பில் ஏற்றி, பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்த கொசுக்கள் அவை. ஆபத்தான உயிரிகள் என்பதால் நிர்வாகி உடனே போலீசுக்குத் தகவல் கொடுத்தார். அடுத்த வாரம் மேலிடத்துக் குழு சோதனைக்கு வரப்போகிறது. அதற்குள் யார் தலையையாவது உருட்டிவிட வேண்டும் என்பது அவர் அவசரம்.

"யார் தலைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

நடுவயதுப் பெண்மணி. குறிப்புகளை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் தொற்றிய பழக்கம், எந்த மேலதிகாரியாலும் திருத்த முடியவில்லை. அன்று சட்டைப்பையில் அகப்பட்டது ஒரு சிவப்புப் பேனா.

"சந்தேகமே இல்ல மேடம். அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணுதான்" என்றார் நிர்வாகி. "குழு முன்னாடி யார் பேசுறதுன்னு அவளுக்கும் அந்த நெட்டைப் பையனுக்கும் போன வாரம் பெரிய சண்டை. நேத்து சாயந்தர முறையும் அவளுக்குத்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா தானா கக்கிடுவா. நான் அவ சேர்க்கையை ரத்து பண்ணிடுறேன்."

"முதல்ல இடத்தைப் பார்க்கிறேன்."

சுருட்டைதான் கூட்டிக்கொண்டு போனாள். அழுது முடித்த கண்கள். ஆனாலும் முதல் கதவைச் சாத்தி, காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்து, பிறகுதான் இரண்டாவது கதவைத் திறந்தாள். உள்ளே வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல் புழுக்கம் முகத்தில் அடித்தது. விளக்கு சிவப்பாக எரிந்தது.

"ஏம்மா, படம் கழுவுற இருட்டறை மாதிரி இருக்கு?"

"இந்த ஜாதி ராத்திரியிலதான் கடிக்கும் மேடம். எங்களால ராத்திரி பூரா முழிச்சிருக்க முடியுமா? அதான் அதுங்களை ஏமாத்துறோம். பகல் முழுக்கச் சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சம் அதுங்க கண்ணுக்குத் தெரியாது, இருட்டுன்னு நினைச்சுக்கும். சாயந்தரம் வேலை முடிஞ்சதும் வெள்ளை விளக்கு, அதுங்களுக்குப் பொழுது விடிஞ்சாச்சு."

"இங்கே வேலை செய்யுற முறை?"

"நெட்டைக்கு ஒருநாள், எனக்கு ஒருநாள். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் முறை. சாவி எங்க துறைத் தலைவர் சார்கிட்டயும் இருக்கு. ஆனா சாருக்கு முறை கிடையாது."

அலமாரியில் ஒரே ஒரு கூண்டு மிச்சமிருந்தது, சுருட்டையினுடையது. நாலு பக்கமும் வலை. கை நுழைக்க ஒரு துணிக்குழாய், அதன் வாயை இறுக்கிக் கட்டிய ஒரு வெள்ளை ரிப்பன். இன்ஸ்பெக்டர் குனிந்து பின்பக்கம் பார்த்தார். அடிமூலையில் விரல்நுனி அகலத்தில் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது.

"இது நீ ஒட்டினதா?"

சுருட்டை அப்போதுதான் அதைப் பார்த்தாள். "இல்லையே! வலை கிழிஞ்சிருந்தா உடனே எழுதிக்கொடுக்கணும் மேடம். அறையை மூடிடுவாங்க. மாசக்கணக்குல எல்லாருக்கும் வேலை நின்னுடும். நெட்டை பயந்துபோய் ஒட்டிட்டுச் சொல்லாம விட்டானோ என்னமோ."

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் எழுதினார். பேனா எழுதவில்லை. உதறினார், மறுபடி எழுதினார். ஊஹூம். "சனியன்" என்று அதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு வெளியே வந்தார்.

நெட்டை ஃப்ரீசருக்குப் பக்கத்திலேயே, காவல் காப்பவன்போல் நின்றிருந்தான். செத்த கூண்டு மேஜை மேல் இருந்தது. அதன் துணிக்குழாயிலும் வெள்ளை ரிப்பன்.

"பிளாஸ்திரி ஒட்டினியா தம்பி, அந்தப் பொண்ணோட கூண்டுல?"

"அவ கூண்டை நான் எதுக்குத் தொடப்போறேன்? தொட்டா கையை ஒடிச்சிடுவா."

"சண்டையோ?"

"சண்டைதான். அதுக்காக அவ இப்படிப் பண்ணுவான்னு நான் சொல்லல மேடம். எங்க நிர்வாகி சொல்றாரு." அவன் செத்த கூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இது என்னோட ஒரு மாச உழைப்பு. சாதாரண மாத்திரைக்கு அடங்குற கிருமி என் கூண்டுல. அடங்காத கிருமி அவ கூண்டுல. ஒரு சொட்டு ரத்தத்தை வச்சு, எந்தக் காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்கும், எது கேட்காதுன்னு காட்டுற ஒரு காகிதப் பட்டையை அவ கண்டுபிடிச்சிருக்கா. ரெண்டு கூண்டையும் ஒப்பிட்டாத்தான் அது நிக்கும். என் கூண்டு போனா அவளுக்கும் நஷ்டம்தானே?"

"ரெண்டு கூண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கே. மாறிப்போகாதா?"

"அதுக்குத்தான் ரிப்பன். என்னோடது வெள்ளை, அவளோடது சிவப்பு. சின்னப்பிள்ளைகூட மாத்தாது."

இன்ஸ்பெக்டர் எதுவோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். இரட்டைப் பையை எடுத்துப் புரட்டினார். இரண்டின் வாயிலும் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. கெடுக்க வந்தவன் இவ்வளவு பொறுப்பாகவா மூட்டை கட்டுவான்? ஒரு கொசுகூட உயிரோடு வெளியே போகக்கூடாது என்று கவலைப்பட்ட கை இது.

துறைத் தலைவரின் அறையில் காற்றாடி ஓடவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். முழுக்கை ஸ்வெட்டர் போட்டு, மேல் பட்டன்வரை மாட்டியிருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாமல் கொசுவோடு குடித்தனம் நடத்துகிறவர் என்று கூடம் முழுக்கக் கேலி; கொசுமாமா என்று பெயர். பெயர் அவருக்கும் தெரியும்.

"குளிருதா சார்?"

"எனக்கு ஏசி ஒத்துக்காது."

"ஏசி ஓடலையே."

அவர் சிரித்து மழுப்பினார். "இந்தப் புகாரை வாபஸ் வாங்கிடலாம் மேடம். அந்தப் பொண்ணு தங்கம். அவமேல பழி விழக்கூடாது. துறைத் தலைவர்ங்கிற முறையில நான்தான் பொறுப்பு. எழுதிக்கோங்க."

எல்லா அதிகாரிகளும் சொல்லும் வாசகம். இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார். கேட்காமலே பேசுகிற ரகம்.

"பெரிய சாரைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கும்மா. இந்த வயசுல அவருக்கும் முறை போட்டுட்டாங்க."

"யார் சொன்னா?"

"நானே கேட்டேன். காலையில ஃபோன்ல அவங்க அக்காகிட்டப் பேசிக்கிட்டே வந்தாரு. 'இன்னைக்கு எனக்கு முறைக்கா, மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன், கம்பளியை எடுத்து வை'ன்னாரு. முறைன்னா இங்கதானே இருக்கணும், எதுக்கு வீட்டுக்குப் போறாருன்னு ஒண்ணும் புரியல. வேலையை விட்டுட்டு எங்கேயாவது குளிர்ப் பிரதேசத்துக்குப் போறாரோ?"

இன்ஸ்பெக்டர் வெயிலில் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அடேயப்பா! எழுதாத பேனா எழுதியிருந்தது. 'வெள்ளை ரிப்பன். பின்னாடி ஒட்டு.' ஒவ்வொரு எழுத்தும் ரத்தச் சிவப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை.

"ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னார். காவலாளி பயந்துபோனார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. ஓடுங்க!"

வளர்ப்பறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. விளக்குகளின் சுவிட்சும் அங்கேதான். செத்த கூண்டை உள்ளே கொண்டுபோய், உயிருள்ள கூண்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நிர்வாகி, துறைத் தலைவர், நெட்டை, சுருட்டை நால்வரும் சன்னலருகே நின்றார்கள். உச்சிவேளை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கைது பண்ணப் போறீங்களா?" என்றார் நிர்வாகி ஆவலாக.

"பொறுங்க சார். அம்மா, தம்பி, உங்க ரெண்டு பேர்ல யாராவது மலேரியாவை வேற பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

நெட்டையும் சுருட்டையும் விழித்தார்கள். ஆளுக்கொரு அறிவியல் பெயரைச் சொன்னார்கள்.

"நான் வேலையில சேர்ந்த புதுசுல காட்டோரம் ஒரு ஸ்டேஷன்ல இருந்தேன். அங்க எனக்கு வந்துச்சு. ஒருநாள் உதறி எடுக்கும். மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து வேலைக்குப் போவேன். அதுக்கு மறுநாள், அதே நேரத்துக்கு, மறுபடி உதறும். முறை வச்சு வர்றதால அங்க அதுக்கு முறைக்காய்ச்சல்னு பேரு. 'இன்னைக்கு உனக்கு முறையா'ன்னு ஸ்டேஷனே கேட்கும்." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "சார், உங்க அக்காவும் அப்படித்தான் சொல்லுவாங்களோ?"

துறைத் தலைவர் ஸ்வெட்டர் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார்.

"இங்கே முறை இருக்கிறது ரெண்டே பேருக்கு. மூணாவதா ஒருத்தர் 'இன்னைக்கு எனக்கு முறை'ன்னா, அது வேலை இல்ல, காய்ச்சல். கூண்டை ஃப்ரீசர்ல வச்சது நீங்கதான். கெடுக்கணும்னு இல்ல. இன்னொருத்தரைக் கடிச்சிடக்கூடாதுன்னு."

சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா" என்றார் அவர் மெல்ல. "ஒரு மத்தியானம் உள்ளே போனேன். கூண்டுல ஒரு சின்னக் கிழிசல். பிளாஸ்திரி ஒட்டுறதுக்குள்ள ஒண்ணு வெளியே வந்து மணிக்கட்டுல கடிச்சிடுச்சு. சொல்லியிருக்கணும். சொன்னா அறையை மூடுவாங்க. குழு வர்ற நேரம். இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரோட படிப்பும் அந்தரத்துல நிக்கும். வெள்ளை ரிப்பன் கட்டின கூண்டு, சாதாரண மாத்திரைக்குக் கேட்குற கிருமி, அதனால பயமில்லன்னு நினைச்சேன். காய்ச்சல் வந்ததும் மாத்திரை சாப்பிட்டேன். நேத்து மனசு கேட்கல. இந்தக் கூண்டு இனிமே இருக்கக்கூடாதுன்னு சாயந்தரம் விளக்கு மாறினதும் எடுத்துட்டேன். பழி இந்தப் பொண்ணு மேல விழும்னு சத்தியமா நினைக்கல. காலையிலேருந்து சொல்லிடணும், சொல்லிடணும்னுதான்..."

"சொன்னீங்களே சார். தலைவர்ங்கிற முறையில நான்தான் பொறுப்புன்னு. நான்தான் கவனிக்கல." இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. "மாத்திரை சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"போன வாரமே முடிஞ்சுது. நடுவுல விட்டுச்சு. மறுபடி வந்துடுச்சு. முதல் வேளை மாத்திரையை வாந்தி எடுத்துட்டேன், அதனாலதான்னு..."

"இப்ப உள்ளே பாருங்க. ரிப்பன் என்ன நிறம்?"

சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு கூண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் வெள்ளை ரிப்பன்.

இன்ஸ்பெக்டர் சுவிட்சைத் தட்டினார். சிவப்பு அணைந்து வெள்ளை விளக்கு எரிந்தது. ஒரு ரிப்பன் வெள்ளையாகவே நின்றது. பிளாஸ்திரி ஒட்டிய கூண்டின் ரிப்பன் மட்டும் பளிச்சென்று சிவந்தது.

"சிவப்பு விளக்குல சிவப்பும் வெள்ளையும் ஒண்ணுதான். என் கை எழுத்தே எனக்குத் தெரியல. நீங்க எல்லாரும் தினமும் இந்த அறைக்குள்ள இருக்கிறவங்க. கூண்டை இருக்கிற இடத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடுவீங்க, ரிப்பனை யாரும் உத்துப் பார்க்கிறதில்ல. எப்பவாவது வர்ற சார்தான் ரிப்பனை நம்பினார். கடிச்சது பகல்ல, சிவப்பு விளக்குல. தூக்கினது சாயந்தரம், வெள்ளை விளக்குல. சார், நீங்க கொன்னது வேற கூண்டை."

துறைத் தலைவருக்குப் பல் கிட்டத் தொடங்கியது. பயமா, முறையா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்க்கக்கூடத் தோணலையே" என்றார்.

முதலில் அசைந்தவள் சுருட்டைதான். ஓடினாள். ஊசியும் பஞ்சும் தன்னுடைய காகிதப் பட்டையுமாகத் திரும்பி வந்தாள்.

"கையக் கொடுங்க சார்."

"அனுமதி வர்றதுக்கு முன்னாடி மனுஷ ரத்தத்துல..."

"கையக் கொடுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். அவரைப் பார்த்து அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "எங்க படிப்புக்காக நீங்க சாகணுமா? யார் கேட்டா உங்ககிட்ட? படிப்பு போனா போகட்டும் சார். நீங்க போனா நாங்க யாருகிட்டப் போய் நிப்போம்?" ஊசி குத்தும்போது அவள் கண்ணீர் அவர் புறங்கையில் விழுந்தது. நெட்டை அவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

பட்டையில் ஒரு கோடு வந்தது. அது எல்லா மலேரியாவுக்கும் வரும்; அடங்காத கிருமி என்றால்தான் இன்னொன்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் இரண்டாவது கோடு, மெதுவாக, கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்தது.

"என் கூண்டுதான்" என்றாள் சுருட்டை. "அந்த மாத்திரை கேட்காது. எந்த மருந்து கேட்கும்னு எனக்குத் தெரியும். இதை டாக்டர்கிட்டக் காட்டணும், நானும் வண்டியில வர்றேன்."

கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

அறையை ஒரு மாதம் மூடினார்கள். கிழிசலை மறைத்ததற்குத் தலைவரிடம் விளக்கம் கேட்டார்கள். சுருட்டையின் சேர்க்கையைப் பற்றி நிர்வாகி அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. குழு வந்த அன்று சுருட்டையும் நெட்டையும் சேர்ந்தே பேசினார்கள். ரிப்பன்களைக் கழற்றி எறிந்துவிட்டு, கூண்டுக்குக் கூண்டு வேறு வேறு வடிவத்தில் மரத்துண்டு கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஆஸ்பத்திரியில் அடுத்த முறை நாளன்று, இன்ஸ்பெக்டர் மத்தியான வாக்கில் எட்டிப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி மாணவர்கள் இருவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் அக்கா, மடியில் மடித்து வைத்த கம்பளியோடு தயாராக இருந்தார்.

உச்சிவேளை வந்தது. போயும்விட்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கம்பளியைப் பிரித்துத் தம்பியின்மேல் போர்த்தப் போனார்.

"வேணாம்கா" என்றார் அவர். "புழுங்குது."

அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பளியை அப்படியே கீழே போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"முறை தவறிடுச்சும்மா!" என்றார், அழுகையும் சிரிப்புமாக. "இத்தனை வயசு வரைக்கும் ஒரு தடவைகூட முறை தவறாத பிள்ளை. இன்னைக்குத்தாம்மா தவறியிருக்கான்!"