ஊளையிட்ட பெட்டி

வகுப்பில் அவள் பெயர் மிளகாய். அவள் கோபம் அப்படி. அன்று அவளைக் கொதிக்க வைத்தவன் தகரடப்பா. பள்ளியிலேயே பெரிய குரல் அவனுக்குத்தான்.

பள்ளிக் கண்காட்சிக்காக மிளகாய் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பெட்டி செய்திருந்தாள். ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், நடுவில் கையளவு கணினி. யாரும் வாசிக்க வேண்டாம். காலடி, கதவு, இருமல் என்று எதைக் கேட்டாலும் அதற்கேற்ப அதுவே புதிதாக ராகம் இழுக்கும். சத்தம் கூடினால் பாட்டும் கூடும்.

கண்காட்சி அன்று காலை தகரடப்பா மைக்கில் வாயை வைத்து, "ஊஊஊ!" என்றான்.

பெட்டியும் ஊளையிட்டது. தன் ஊளையைத் தானே கேட்டு இன்னும் பலமாக ஊளையிட்டது. சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தலைமை ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா இது? மதியத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா எடுத்துடு!"

"மிஸ், நான் ஒண்ணும் பண்ணல, இவன்தான்..."

அவர் போய்விட்டார்.

"எல்லாம் உன்னாலதான்டா! வாயை மூடு!" என்று மிளகாய் கத்தினாள். பெட்டி அவளைவிடப் பலமாகக் கத்தியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலி வகுப்பறைக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"அவன் கத்துனா இது கத்துது. இது கத்துனா அவன் இன்னும் கத்துறான்!" பெஞ்சை உதைத்தாள். கால்தான் வலித்தது.

மைக்கைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் இது வெறும் டப்பா. கேட்கட்டும். ஆனால்... அவள் கை நின்றது. கணினி நிரலில் ஒரே ஒரு வரியைத் திருப்பிப் போட்டாள். சத்தம் கூடினால், பாட்டு குறையும்.

மதியம் பெட்டி கண்காட்சிக்குத் திரும்பியதும் தகரடப்பா மறுபடி வந்தான். "ஊஊஊ!"

பெட்டி கப்சிப்.

"செத்துப் போச்சா?"

"நீ கத்துறது அதுக்குப் பிடிக்கல" என்றாள் வெடுக்கென்று.

அவன் இன்னும் கத்தினான். மூச்சு வாங்க நிறுத்தினான். அப்போது கொசுவின் ரீங்காரம் போல ஒரு ராகம் எழுந்தது.

"ஏய், பாடுது!" என்று கூவினான்.

ராகம் அடங்கியது. "ஷ்ஷ்!" என்று பத்துப் பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராகம் மெல்லத் திரும்பி வந்து, நெளிந்து, வளர்ந்தது. தலைமை ஆசிரியைகூடச் செருப்பைக் கையில் பிடித்தபடி நுனிக்காலில் வந்து நின்றார்.

"சாரி, மிளகா" என்று தகரடப்பா கிசுகிசுத்தான். அவனுக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

மிளகாய் பல்லைக் கடித்தாள். கொஞ்சம் நகர்ந்து பெட்டிக்கு முன்னால் அவனுக்கு இடம் விட்டாள்.

"உன்னை அப்புறம் திட்டிக்கிறேன். இப்ப பேசாம கேளு."