மூன்றாவது லிட்டர்

காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறோமோ இல்லையோ, சன்னல் ஏசிக்குக் கீழே, வடியும் தண்ணீரை அளக்கும் ஈரமானியைப் பார்த்துவிடுவோம். எங்கள் நகரத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

சன்னல்கள் சீல் வைக்கப்பட்டவை. உள்ளே வருவது உலர்த்திய காற்று. சமையல், குளியல் எல்லாம் பொதுக்கூடத்தில். ஆகவே ஏசியில் குளிர்ந்து வடிவது எங்கள் மூச்சும் வேர்வையும்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். நானும் என் கணவர் ஆரோக்கியமும் இரண்டு லிட்டர். ஈரமானி முந்தைய ஒரு நாள் கணக்கை மட்டும் காட்டும்; அதை மாதம் ஒருமுறை ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

பத்து நாளாக அலமாரிக்குள் என் தங்கை செலின் இருக்கிறாள். அவள் ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது, இங்கே தங்க அனுமதி கிடைக்கவில்லை. பிடிபட்டால் வெளிமுகாம். அந்த வெக்கையில் நான்கு நாள் தாங்கினால் பெரிய விஷயம்.

மூன்றாவது லிட்டரை எங்கே ஒளிப்பது? பழைய ஏசிகளில் பின்பக்க விசிறியின் விளிம்பில் ஒரு நீர்வீசி வளையம் இருக்கும். தட்டில் தேங்கும் தண்ணீரை அள்ளிச் சூடான கம்பிச்சுருள்மேல் அடிக்கும்; அது ஆவியாகி வெளியே போய்விடும். அரசு அதைத் தடை செய்து வெகுகாலம் ஆகிறது. எப்படியோ ஒன்றைத் தேடிப் பிடித்து நேற்றுக் காலை மாட்டினேன். பயம் சும்மா விடுமா? எதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளட்டும் என்று அரை இன்ச் தாழ்த்தியே மாட்டித் தொலைத்தேன்.

இன்று ஆய்வாளர் ராஜகுமாரி வந்தாள். ஈரமானியைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள்.

"என்னக்கா, ஒரு லிட்டர்தான் காட்டுது? இங்க ஒருத்தர்தான் தங்குறீங்களா?"

"ரெண்டு பேரும் உன் கண்ணு முன்னாடியே நிக்கிறோமேம்மா!" என்றார் ஆரோக்கியம்.

"இப்ப நிக்கிறீங்க சார். ராத்திரி யார் இருந்தாங்கன்னு தண்ணிதானே சொல்லும்? இங்க தங்காதவங்க அனுமதி ரத்து, வெளிமுகாம்தான். வேணும்னா சொல்லுங்க, மெஷினைப் பிரிச்சு, வீட்டையும் சோதனை போடச் சொல்றேன்."

அலமாரிக் கதவு அவள் முழங்கையிலிருந்து ஓர் அடி தூரத்தில் இருந்தது.

"வேணாம்மா," என்றார் அவர்.

"அப்ப பட்டியல்லேர்ந்து யார் பேரை அடிக்கட்டும்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"என் பேரை அடிம்மா."

என் பேரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. அவர் குனிந்து செருப்பைத் தேடியபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.