பால் மறக்கடித்தல்

பேகத்தின் மடி வற்றியிருந்தது.

குதிரைக்குட்டியைப் பிரித்து ஐந்து நாள்தான் ஆகிறது. இந்நேரம் மடி கல்லாக வீங்கியிருக்க வேண்டும். கிட்டே போனாலே உதை விழ வேண்டும். கேஷவ் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான். பிழிந்த துணிப்பைபோலத் தொங்கியது. காம்பில் ஈரம். இப்போதுதான் யாரோ வாயை எடுத்ததுபோல நுரையோடு ஈரம்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கழற்றிய கைக்கும் சானிடைசர் போட்டான். குதிரை வளர்க்கிறவனுக்கு இருக்கக்கூடாத ஒரே வியாதி குமட்டல். அது அவனுக்குப் பிறவியிலிருந்தே உண்டு. வாரத்தில் மூன்று நாள் சிறுசேரியில் கம்ப்யூட்டர், மற்ற நாட்களில் பொழிச்சலூருக்குப் பின்னால் நான்கு தகர அடைப்பு, மூன்று குதிரை, ஒரு குட்டி என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டபோது, குதிரைக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

"வத்திச்சின்னா நல்லதுதானே சார்," என்றார் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்டின். "கட்டிக்கினு காய்ச்சல் வந்தா நீயா வந்து பீச்சுவ?"

"அஞ்சு நாள்ல வத்தாது ஆஸ்டின் அண்ணா. ஏதோ குடிக்குது."

"எது குடிக்கும்? மிட்டாய் கடைசி அடைப்புல கீது. ஏர்போர்ட் பக்கத்துல கீறதால பறந்து வந்து குடிச்சிட்டுப் போச்சா?"

கேஷவ் திரும்பிப் பார்த்தான். கடைசி அடைப்பில் மிட்டாய் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ஆறு மாதப் பெட்டைக்குட்டி. விலா எலும்பை எண்ணிவிடலாம். பிரித்த நாளிலிருந்து கொள்ளுத் தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மிட்டாய் பேகம் ஈன்ற குட்டி இல்லை. பேகத்தின் ஆண்குட்டி எட்டாம் நாள் செத்தது. அதே வாரம் இன்னொரு பெட்டைக்குதிரை மிட்டாயை ஈன்றுவிட்டுச் செத்தது. தாயில்லாத குட்டியைப் பேகம் கிட்டே சேர்க்கவில்லை. ஆஸ்டின் செத்த குட்டியை உரித்து, அந்தத் தோலை மிட்டாயின் முதுகில் சட்டைபோல் கட்டிவிட்டார். பேகம் மோந்தது, நம்பியது, பால் கொடுத்தது. கேஷவ் ஒரு வாரம் தயிர்சாதம் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

இப்போது குட்டி உறிஞ்சி உறிஞ்சிப் பேகம் எலும்பாகிவிட்டதால் பால் மறக்கடிக்க வேண்டியிருந்தது. பேகம் முதல் அடைப்பில், மிட்டாய் நான்காவதில். சவாரிக் குதிரைகள் இரண்டும் நடுவில். பிரித்த அன்று தொடங்கிப் பேகம் கனைத்த கனைப்பில் எதிர் அபார்ட்மென்ட் சங்கத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு மெசேஜ். அதில் ஒருவர் குதிரைக்குத் தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தார், எவ்வளவு என்றும் சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள் ஆஸ்டின் சொன்னார். "பம்மல்ல என் மச்சான் எருமை வெச்சினு இருந்தான் சார். கன்னு செத்துச்சின்னா தோல்ல வைக்கோல் அடைச்சி முன்னாடி நிறுத்திடுவான். அது நக்கிக்கினே நிக்கும். நம்ம பேகத்தோட குட்டித் தோலு இன்னும் கீது. உப்பு போட்டு வெச்சிருக்கேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. "செய்யுங்க," என்றான்.

மூங்கில் கால், சணலால் தைத்த வயிறு. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு பட்டன், அது ஆஸ்டினின் சொந்தக் கலை. சவாரிக் குதிரைகளை மூன்றாவதில் நெருக்கிவிட்டு, அதை இரண்டாவதில் நிறுத்தினார்கள். பேகம் தடுப்புக்கு மேல் கழுத்தை நீட்டி மோந்தது. அந்த நிமிடமே அடங்கியது. சங்கத்திலிருந்து கைகூப்பும் படம் வந்தது.

இப்போது ஐந்தாம் நாள், மாலை ஐந்து மணி, மழை இருட்டு.

"அத இடம் மாத்துங்க," என்றான் கேஷவ். "குதிரைங்கள ரெண்டாவதுக்குக் கொண்டுவந்துட்டு, அத மூணாவதுல போடுங்க."

ஆஸ்டின் ஒற்றைக் கையால் தூக்கப் போனார். வரவில்லை. இரண்டு கையாலும் வரவில்லை. மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு கேஷவும் பிடித்தான். தோல் வெதுவெதுப்பாக இருந்தது, வியர்த்த மனிதனின் அக்குள்போல. உள்ளே ஏதோ தளும்பியது. தையல் வழியாகப் புளித்த பாலும் அழுகிய வைக்கோலும் கலந்த வாடை எழுந்து, நாக்கின் அடியில் போய்ப் படிந்து, விழுங்கினாலும் துப்பினாலும் போகாமல் அங்கேயே இருந்தது. மூன்றாவதில் இறக்கிவிட்டுத் தாழ் போட்டார்கள்.

சவாரிக் குதிரைகள் இரண்டாவது அடைப்புக்குள் கால் வைக்க மறுத்தன. ஆஸ்டின் டார்ச் அடித்தார். அது நின்றிருந்த இடத்தில், வைக்கோலில், மஞ்சளாக, கொழகொழவென்று, ஆவி பறக்க ஒரு குவியல். பால் குடிக்கும் குட்டி போடுகிற லத்தி.

ஆஸ்டின் டார்ச்சை அணைத்தார். குதிரைகளை வெளியே வேப்பமரத்தில் கட்டினார். "டீ வாங்கினு வந்துடறேன் சார்," என்றார். தூக்குப் பாத்திரத்தை எடுக்காமலே போனார். வண்டிச் சத்தம் தேய்ந்தது.

கேஷவ் முடிவெடுத்தான். பால் மறக்கடித்தது போதும். குட்டி உயிரோடு இருக்கட்டும். நான்காவது அடைப்பைத் திறந்தான், பிறகு முதலாவதை. மிட்டாய் தள்ளாடி ஓடி, பேகத்தின் வயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்தது.

பேகம் திரும்பி மோந்தது. நிதானமாக, கழுத்திலிருந்து வால்வரை. காது பின்னால் மடிந்தது.

ஒரே உதை. மிட்டாய் தகரத்தில் மோதி விழுந்தது.

பிறகு பேகம் தொண்டைக்குள் மெல்ல உறுமியது. பிறந்த குட்டியை மட்டும் தாய் அழைக்கிற குரல். கேஷவ் அதை ஆறு மாதத்துக்கு முன்பு ஒருமுறை கேட்டிருந்தான்.

மூன்றாவது அடைப்பில் மூங்கில் தரையைத் தட்டியது.

டக்.

டக், டக்.

விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கியது. தகரம் எல்லாம் அதிர்ந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் கண்ணை மூடினான். மூடியிருக்கக் கூடாது.

சத்தம் ஓய்ந்தது. மூன்றாவதின் தாழ் போட்டபடியே இருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

பேகம் பின்னங்காலை அகட்டி நின்றது. அதன் அடியில் அது. கழுத்து மடிக்கு எம்பி எம்பி முட்டியது. வால் குட்டையாக, சந்தோஷமாக, ஆடியது. சப்பும் சத்தம். விழுங்கும் சத்தம். குடித்தது எங்கும் தங்கவில்லை. சணல் தையல் வழியாக ஒழுகியது. வெள்ளையாக இல்லை. பழுப்பாக, திரிதிரியாக, நெளியும் புழுக்களோடு.

கேஷவ் வாந்தி எடுத்தான். நிமிர்ந்தான்.

மிட்டாய் முட்டி போட்டுத் தவழ்ந்து வந்திருந்தது. ஐந்து நாளாக எதையும் தொடாத குட்டி. அந்த வயிற்றுக்கு அடியில் தலையைக் கொடுத்து, தையலில் உதட்டைப் பொருத்தி, கண் செருக, மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தது. பேகம் இரண்டையும் மாறி மாறி நக்கியது.