காகிதம் வெட்டாத கத்தரிக்கோல்

“இது கப்பலுக்குள்ள போகாது, மேடம்.”

அவள் நிமிர்ந்தாள். முதலில் கண்ணில் பட்டது அவன் கையிலிருந்த அவளுடைய கத்தரிக்கோல். அப்புறம்தான் முகம். அதற்கும் அப்புறம்... அந்தக் கண்கள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் நின்றுவிட்ட மாதிரி இரண்டு கண்கள்.

சே! கண்ணைப் பார்க்கிற நேரமா இது?

“ஏன் போகாது? நான் போறேன்ல... என்கூட அதுவும் வரும்.”

“நீங்க தாராளமா போலாம். ஆனா விரல் நீளத்துக்கு மேல கத்தி இருக்கிற பொருள் எதுவும் போகக் கூடாது. ரூல்ஸ்.”

துறைமுகக் கூடத்தின் தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிகள் பெல்ட்டில் ஊர்ந்து, எக்ஸ்ரே இயந்திரத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வந்தன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கப்பல் நின்றது. மழைத்திரைக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று, பாதி நிஜமாகவும் பாதி கனவாகவும்.

அவள் தையல்காரி. மருந்துக் கடை மாடியில் இரண்டு மெஷின் போட்டுச் சொந்தமாகக் கடை நடத்துகிறாள். இந்தக் கத்தரிக்கோலை வாங்கி ஏழு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவள் கையைத் தவிர வேறொரு கை அதைப் பிடித்ததில்லை. துணியைத் தவிர வேறெதையும் அது வெட்டியதுமில்லை. காகிதம் வெட்டினால் கத்தரிக்கோல் மழுங்கிவிடும் என்பது தையல்காரர்களின் வேதம். அவசரத்துக்கு ஒரு பால் பாக்கெட் வெட்டக் கேட்டால்கூட, அம்மாவுக்கே இல்லை என்பாள்.

இப்போது எவனோ ஒருவன் அதைத் தூக்கிப் பிடித்து, நீளம் பார்த்துக்கொண்டிருக்கிறான்!

“பயப்படாதீங்க மேடம், பறிமுதல் எல்லாம் இல்ல. பெட்டில போட்டு சீல் வெச்சு எங்ககிட்டயே இருக்கும். ஏழு நாள் கழிச்சு கப்பல் திரும்பி வரப்ப இந்த டோக்கனக் குடுத்து வாங்கிக்கலாம்.”

“நடுவுல யாராவது எடுத்து பேப்பர் வெட்டிட்டா?”

“என்னது?”

“பேப்பர் சார், பேப்பர்! ஆபீஸ்னா பேப்பர் வெட்டத்தானே செய்வீங்க? அதுல பேப்பர் மட்டும் வெட்டக் கூடாது. இது என் ரூல்ஸ்.”

அவன் உதட்டோரத்தில் ஏதோ துடித்து அடங்கியது. சிரிப்பா? சிரிக்கத் தெரியுமா இந்த ரூல்ஸ் சாருக்கு? கத்தரிக்கோலை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சீல் வைத்தான். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதவிசு. அதைப் பார்த்ததும் அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

பத்தடி தள்ளி அடுத்த கவுன்டர்.

“பாஸ்போர்ட் குடுங்க,” என்றாள் அங்கிருந்த பெண்.

அவள் கைப்பையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

ஐயோ...

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” என்றாள் கூடவே வந்த அம்மா.

“அம்மா... பாஸ்போர்ட் ரெண்டும் உள்துணிக்குள்ள வெச்சுத் தெச்சிருக்கேன்மா.”

அம்மாவின் யோசனைதான் அது. கூட்டத்தில் எவனாவது அடித்துக்கொண்டு போய்விட்டால்? அதனால் காலையில் அவளை உட்கார வைத்து, கைப்பையின் உள்துணிக்குப் பின்னால் இரண்டு பாஸ்போர்ட்டையும் போட்டு, நாலு பக்கமும் தைக்க வைத்தாள். வெளி வாசலில் டிக்கெட் மட்டும்தானே பார்ப்பார்கள், உள்ளே போய்ப் பிரித்துக்கொள்ளலாம், கத்தரிக்கோல்தான் கையிலேயே இருக்கிறதே என்று இவளும் தலையாட்டினாள்.

இழுத்துப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். கடைசியில் மானத்தை விட்டுப் பல்லாலும் கடித்துப் பார்த்தாள். இரட்டைத் தையல். அவள் போட்ட தையல் என்றைக்கு விட்டிருக்கிறது, இன்றைக்கு விட?

“இன்னும் இருபது நிமிஷத்துல வாசல் மூடிடுவாங்க,” என்றாள் கவுன்டர் பெண்.

வேறு வழி? போன வேகத்தைவிட அதிக வேகமாக அவனிடமே திரும்பி வந்தாள்.

“சார்... அந்தக் கத்தரிக்கோல ஒரே ஒரு நிமிஷம்...”

விஷயத்தைக் கேட்டதும் அவன் அவளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

“பாஸ்போர்ட்டத் தெச்சுட்டீங்களா?”

“சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க சார். அடக்கிட்டு நிக்காதீங்க.”

“வாங்கி வெச்ச பொருள, கப்பல் திரும்பற வரைக்கும் பயணி கைல குடுக்கக் கூடாது மேடம். ரூல்ஸ்.”

அவள் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. ‘கல்லுளிமங்கன்!’ என்று வாய்வரை வந்துவிட்டது.

“ஆனா...” அவன் குரல் இறங்கியது. “என் கைல இருக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. நீங்க சொல்லுங்க. நான் வெட்டறேன்.”

அவள் கத்தரிக்கோலை... இன்னொரு கையா? “இத என் கையத் தவிர வேற யாரும் தொட்டதில்ல சார்...” என்றாள். மெதுவாகத் தலையசைத்தாள்.

அவன் சீலை உடைத்தான். பையை மேஜை மேல் கவிழ்த்து, உள்துணியை வெளியே இழுத்தாள். இருவரும் குனிந்தார்கள். இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

“கட்டைவிரல் சின்ன வளையத்துல... ம். அப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க, அது என்ன ஓடியா போயிடும்? நுனிய மட்டும் உள்ள விடுங்க. ஒரு தையல்... அடுத்த தையல விட்டுடுங்க... அதுக்கு அடுத்தது...”

“இப்படியா?”

“மெல்ல... துணிக்கு வலிக்காம.”

“துணிக்கு வலிக்குமா?”

“எனக்கு வலிக்கும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரே ஒரு விநாடி. மழைச் சத்தம், பெல்ட்டின் கடகடப்பு, ஜனங்களின் இரைச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டன. அவன் இமையில்கூட ஒரு துளி நீர் இருந்தது, கூரை ஒழுகியிருக்க வேண்டும். அதைத் துடைத்துவிடக் கை பரபரத்ததே... தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

பார்வையைக் கீழே இறக்கினாள். அங்கே அவன் சீருடைச் சட்டையின் இரண்டாவது பட்டன், ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அந்த பட்டன் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள விழுந்துடும்,” என்றாள், தையல்காரி புத்தியில்.

“விழாது.”

“பந்தயமா? தொழில் பண்றவ சொல்றேன்...”

“தம்பி, சீக்கிரம் தம்பி!” அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏற்கனவே கப்பல்ல ஏறிட்டாங்க! என் பெரிய பொண்ணும் மருமகனும் அவங்ககூடத்தான் இருக்காங்க. இவளப் பாக்கணும்னுதான் இந்தப் பயணமே! வாசல் மூடிட்டா என் மானம் கப்பலேறிடும்!”

கத்தரிக்கோல் நின்றது.

அவளுக்கே காலையில் டாக்ஸியில்தான் தெரியும். ஏழு நாள் கடல் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்றுதான் அக்கா டிக்கெட் எடுத்தாள். பாதி வழியில்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது. அதை இவனிடம் சொல்லிவிடத் துடித்தாள். ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று இரண்டே வார்த்தை. ஆனால் எதற்குச் சொல்ல வேண்டும்? யாரோ அவன், யாரோ இவள்! அவன் கேட்டானா என்ன?

அவன் கேட்கவில்லை. கடைசித் தையலை வெட்டி, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து நீட்டினான். முகம் பழையபடி விறைத்திருந்தது.

“நல்லபடியா போயிட்டு வாங்க, மேடம்.”

அந்த ‘மேடம்’ அவளைச் சுருக்கென்று குத்தியது. கப்பல் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு எக்ஸ்ரே திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை திரும்பினால் தேய்ந்தா போய்விடுவான்?

கடல்... கடல்... எங்கு திரும்பினாலும் கடல். காலையில் வெள்ளி, மதியத்தில் பச்சை, மாலையில் குங்குமம். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் காற்று காதோரம் வந்து என்னவோ கேட்டது. அவளிடம் பதில் இல்லை.

மாப்பிள்ளை நல்லவர். அடக்கமாகப் பேசினார். அவள் தொழிலை மதித்துக் கேட்டார். அவர் சட்டையில் எல்லாப் பட்டன்களும் வரிசை பிசகாமல் நின்றன. குறையென்று விரல் வைக்க ஓர் இடம் இல்லை. அவர் எதிரே உட்காரும்போதெல்லாம் அவள் மனம் மட்டும் ஓர் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்திருக்குமா அந்தப் பட்டன்?

ஊசி இருந்தது, நூல் இருந்தது, பொழுதும் நிறைய இருந்தது. ஆனாலும் கைப்பையின் பிரிந்த உள்துணியை அவள் தைக்கவில்லை. ஒன்று விட்டு ஒன்று, தயங்கித் தயங்கி அவன் வெட்டிய இடங்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் காலை, பதில் சொல்லியாக வேண்டிய கெடு.

“வேணாம்மா,” என்றாள்.

“அவருக்கு என்னடி குறை?”

“அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான்... மனசு கரையிலயே நின்னுடுச்சு.”

அம்மா அவளைப் பார்த்தாள். அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிரிந்து கிடந்த தையலைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

“அந்த ரூல்ஸ் தம்பியா?”

அவள் பையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“பேராவது தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“கல்யாணம் ஆனவனா, ஆகாதவனா?”

அதுவும் தெரியாது... நெஞ்சில் யாரோ ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது. நல்ல வரனை வேண்டாமென்றாயிற்று. பெயர் தெரியாத ஒருவனுக்காக! அம்மா அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. மகளே போய் மாப்பிள்ளையிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏழாம் நாள் கப்பல் கரை சேர்ந்தபோது அதே மழை. அக்காவும் மாமாவும் மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்காகப் பின்தங்கிவிட, அவள் டோக்கனை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். பின்னால் அம்மா, ‘மெல்லடி’ என்றுகூடச் சொல்லாமல் வந்தாள்.

எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் நாற்காலி. அதில் வேறொரு ஆள்.

அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தது ஒரு பெண் அதிகாரி.

“அன்னைக்கு... இங்க இருந்தாரே... ஒருத்தர்?”

“அவரா? இன்னைக்கு லீவு. லீவே போடாத மனுஷன், என்ன அவசரமோ தெரியல.”

அவ்வளவுதான். பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் திரும்பும் நாள் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் லீவு. இதைவிடத் தெளிவாக ஒருவன் பதில் சொல்ல முடியுமா? அம்மா முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சீலைப் பிரித்தாள்.

உள்ளே கத்தரிக்கோல். அதைச் சுற்றி மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. மூடியின் உள்பக்கம், கொட்டை எழுத்தில்: ‘காகிதம் வெட்டக் கூடாது.’

அழுகை வந்தேவிட்டது.

கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். டாக்ஸிகள் நிற்கும் இடத்தில், பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே, கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் நின்றிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சீருடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கண்கள்...

கால் அப்படியே நின்றுவிட்டது.

அவன் அருகே வந்தான். வந்தவன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துவிட்டுத் தான் நனைந்தான்.

“சட்டைல ஒரு பட்டன் தெக்கணும்,” என்றான். பைக்குள் மடித்த சீருடை. இரண்டாவது பட்டன் அதே ஒற்றை நூலில் தொங்கியது. “நீங்க சொன்ன மாதிரி விழல. நான் விடல. ஏழு நாளா இந்தச் சட்டையப் போடவே இல்ல.”

“லீவு போட்டுட்டீங்கன்னு சொன்னாங்க...” அவள் குரல் உடைந்தது.

“டியூட்டில இருக்கறப்ப பயணிங்ககிட்ட சொந்த விஷயம் பேசக் கூடாது. ரூல்ஸ்.” குடைக் காம்பை மாற்றிப் பிடித்தான். “அதான் லீவு போட்டேன்.”

மழை சடசடவென்று குடை மேல் விழுந்தது.

“அன்னைக்கு நான் திரும்பிப் பாத்தேன். நீங்க திரும்பவே இல்லியே?”

“என் தலைக்கு மேல ஒரு வட்டக் கண்ணாடி இருக்கு. அதுல நீங்க வாசல் தாண்டற வரைக்கும் பாத்துட்டேதான் இருந்தேன். திரும்பியிருந்தா... உங்கள அனுப்பியிருக்க மாட்டேன். எனக்கு வீட்ல அப்பா மட்டும்தான். எனக்குன்னு யாரும் இல்ல. உங்களுக்கு நிச்சயம் ஆயிருந்தா, பட்டன மட்டும் தெச்சு வாங்கிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். ஆகலைன்னா...”

“ஆகலைன்னா?”

“அதுக்கு ரூல்ஸ் எதுவும் தெரியலங்க. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான் தெரியுது.”

மேடம் இல்லை. ‘ங்க’! ஏழு நாளாகக் கடல் காற்று கேட்ட கேள்விக்கு அவளிடம் இப்போது பதில் இருந்தது.

கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். குடைக்குக் கீழே நின்றபடியே தொங்கிய நூலைப் பிய்த்துவிட்டுப் பட்டனை வைத்து நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். அப்புறம் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து... அவன் பக்கம் நீட்டினாள்.

“நூல வெட்டுங்க.”

“நானா? இது உங்க கையத் தவிர வேற யாரும்...”

“உங்க கை தொடக் கூடாதுன்னு எங்கயும் எழுதலயே.” கண்ணீரோடு சிரித்தாள். “எனக்கும் பிடிச்சிருக்குங்க. அங்க கடல் நடுவுலயே, அந்த மாப்பிள்ளைகிட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

 அவன் கட்டைவிரலைச் சரியாகச் சின்ன வளையத்தில் விட்டு, துணிக்கு வலிக்காமல், நூலை வெட்டினான்.

பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம்.

“தம்பி,” என்றாள் அம்மா, ஒரு நாள் மௌனத்தைக் கலைத்து. “குடை ஒண்ணுதான் இருக்கா? நானும் நனையறேன்ல. உங்க பேரு என்னன்னு எனக்காவது சொல்லுங்க. இவ கேக்க மாட்டா போலிருக்கு.”