கிராதிக்குப் பின்னால்

மகள் மறுபடியும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

தூக்கத்தில் பிள்ளைகள் உளறுவதுண்டு. ஆனால் இவள் உளறவில்லை. யாரோ சொல்லச் சொல்ல, பெரிய மனுஷி மாதிரி கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அறை முழுக்கப் பழைய மெழுகுவாடை. அவள் அப்பா, அந்தக் கட்டிலைச் செய்த தச்சன், வாசலில் நின்று பார்த்தான். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை.

இடித்த தேவாலயத்திலிருந்து வந்த மரம் அது. பாவசங்கீர்த்தனக் கூண்டின் நடுப்பலகை: ஒரு பக்கம் பாவத்தைச் சொல்பவர் மண்டியிட, மறுபக்கம் பாதிரியார் காது கொடுக்கும், துளைத் துளையாய்ச் செதுக்கிய கிராதி. பாதிரியார் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கன்னம் பட்டு வழவழத்திருந்தது. பிள்ளைக்குச் சிராய் குத்தாது, இழைக்கிற வேலையும் மிச்சம் என்று அந்தப் பக்கத்தைத் தலையணையைப் பார்த்து வைத்துவிட்டான். சொன்னவர்களின் பக்கம் சுவரைப் பார்த்தது.

"யாரும்மா பேசுறது?"

"ஒரு அக்கா. அவங்க பாப்பாவைக் கிணத்துல போட்டுட்டாங்களாம்." கொட்டாவி விட்டாள். "அழறாங்கப்பா. இன்னும் நிறைய பேர் நிக்கிறாங்க."

பின்னால் வந்து நின்ற மனைவி பலகையைக் காட்டினாள். "அதை உடைச்சு அடுப்புல போடுங்க."

"இந்தச் செதுக்கு இனி எங்க கிடைக்கும்? திருப்பி மாட்டிடறேன், விடு."

கைவேலைக்காரனின் சபலம். திருகாணிகளைக் கழற்றி, பலகையைத் திருப்பி, வழவழப்பான பக்கத்தைச் சுவரோடு ஒட்டி இறுக்கினான். நடுவில் விரல்கூட நுழையாது. பாவம் சொல்பவர்கள் மண்டியிடும் பக்கம் இப்போது மெத்தையைப் பார்த்தது. மகள் படுத்தாள். "ம்" நின்றது. அப்பாடா என்று கை கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது கட்டில் காலி.

கட்டிலடியில் இல்லை. அலமாரியில் இல்லை. ஜன்னல் தாழிட்டபடியே. "பாப்பா!"

கட்டில் கிறீச்சிட்டது. தலையணைக்குப் பக்கத்தில், யாருமில்லாமலே, மெத்தையில் இரண்டு குழிகள் விழுந்தன. முழங்கால் அளவு. மறைந்தன. மறுபடி விழுந்தன.

மெழுகுவாடை. முணுமுணுப்பு.

"ம்..."

சுவருக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து. கிராதித் துளைகளில் அவள் கன்னம் பிதுங்கியிருந்தது. சின்னக் காது. அவன் ஆசையாகப் போட்டுவிட்ட தோடு.

"அப்பா," என்றாள், தலையைத் திருப்பாமல். "வரிசைல வாங்க."