லங்காஸ்டரின் வயிற்றுக் கதவு

சமையலறை அலமாரியின் கதவு திறக்கவில்லை. மும்பை செம்பூர் மழைக்கு மரம் ஊறாத வீடு ஏது, போன வருஷம் எதிர்வீட்டுக் கட்டில் துளிர்விட்டு இரண்டு இலைகூட வைத்தது என்று சிவகுருநாதன் லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த அலமாரி இரும்பு.

“அந்தப் பொம்மைய வச்சுட்டு இதத் தொறங்க. பருப்பு உள்ள இருக்கு,” என்றாள் மனைவி உமாமகேஸ்வரி.

“பொம்மையா? லங்காஸ்டர். உலகப் போர்ல பாதி ஜெர்மனிய இடிச்ச விமானம்.”

“இன்னைக்கு நம்ம சாம்பாரையும் இடிச்சாச்சு. நான் போய்ப் படுக்கேன். பசிச்சா பசையத் தின்னுங்க.”

படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

ரிட்டயர் ஆன மறுநாள் அவர் ஒட்டத் தொடங்கிய பிளாஸ்டிக் மாதிரி விமானம். இறக்கையின் நிழல் சுனாபட்டி ஸ்டேஷன் வரை விழும் என்பது அவர் கணக்கு. உண்மையில் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. உள்ளே குட்டி வீரர்களை உட்காரவைத்து, உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, இடுக்குகளிலெல்லாம் வெள்ளைப் பட்டி பூசி அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்திருந்தார். நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. தட்டவில்லை.

வெளியே மழை தகரத்தில் விடாமல் கொட்டியது. சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் வாடையும் பிரைமரின் புளித்த நெடியும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. மாடி ஏசியின் உறுமல், தூரத்து லோக்கல் ரயிலின் ஊதல், இத்தனைக்கும் அடியில், யாரோ பல்லால் தட்டுவதுபோல அத்தனை சின்னதாக ஒரு சத்தம்.

டொக். டொக்.

பசை காய்கிற சத்தம் என்று சொல்லிக்கொண்டார். விமானத்தைத் தூக்கினார். உள்ளங்கையில் அதிர்ந்தது. விமானத்தின் மூக்குக்கு அடியில், அதன் வயிற்றில்.

விமானப் பெட்டியோடு வந்த வரைபடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு சதுரக் கோடு இருந்தது. இடுக்கு என்று நினைத்து அவர் பட்டி பூசி மறைத்த கோடு. அது இடுக்கில்லை. விமானம் தீப்பிடித்தால் வீரர்கள் குதித்துத் தப்பிக்கிற கதவு.

டொக். டொக். டொக்.

கட்டர் பிளேடால் கோட்டைக் கீறினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கண்ணை இமைத்துப் பார்த்தபோது கோடு இல்லை. மறுபடி ஆழமாகக் கீறினார். மறுபடி இல்லை. உள்ளே தட்டுவது நின்றது.

நிமிர்ந்தார். மேசை இழுப்பறைகள் ஒரே பலகையாக இருந்தன. பால்கனிக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இல்லை. வாசற்கதவு இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர். ஓடிப்போய் நகத்தை ஓட்டினார்.

தட்டவில்லை.

“ஏங்க.” படுக்கையறைக்குள்ளிருந்து உமா. “கதவக் காணோம்.”

ஓடினார். அங்கேயும் சுவர். வழவழப்பான சுவர். அதற்குப் பின்னால் அவள் கை தட்டியது.

“இந்தா, வந்துட்டேன் உமா. தட்டிக்கிட்டே இரு.”

சத்தம் வந்த இடத்தில் பிளேடை வைத்துச் சுரண்டினார். தூள் கண்ணில் விழுந்தது. விரல் கிழிந்தது. நிறுத்தவில்லை.

“சீக்கிரம்ங்க. என் வாயி ஒரு மாதிரி...”

“என்ன உமா?”

“ம்ம்.”

“உமா?”

“ம்ம். ம்ம்ம்.”

பிளேடு உடைந்தது. உடைந்த துண்டால் குத்தினார். பென்சில் நுழைகிற அளவு ஓட்டை. கண்ணை வைத்தார்.

சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மூக்குக்குக் கீழே தாடை வரை ஒரே வழவழப்பு, சாம்பல் நிறம், நேர்த்தியான வேலை. வலது கண் இருந்த இடமும் அப்படியே. கை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

இடது கண் அவரைப் பார்த்தது. நீர் தளும்பி நின்றது. இமைகள் சேரும் மூலையிலிருந்து, அந்தக் கண்ணின் கோடும் மெல்ல மெல்ல மறைந்துகொண்டு வந்தது.